கமாண்டர் எப்படி வெளியே வந்தார்?

"இந்த ஆளைக் கண்டுபிடிச்சுக் குடுங்க மேடம். அப்புறம் என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியும்" என்றார் பதிப்பாளர். மேஜைமேல் கிடந்த வாரப் பத்திரிகையைக் கையால் தொடப் பிடிக்காமல், பென்சில் முனையால் எங்கள் பக்கம் தள்ளினார்.

மேடம் என்றது என் அத்தையை. முப்பத்தோரு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற மறுவாரமே வீட்டு முன்னறையில் ‘துப்பறியும் நிலையம்’ என்று பலகை மாட்டிவிட்டாள். "டிக்கெட் இல்லாதவனை மூஞ்சியைப் பார்த்தே பிடிச்சவ நான். கொலைகாரன் மட்டும் என்ன, டிக்கெட் எடுத்துட்டா வரப்போறான்?" என்பது அவள் கட்சி. அவளுக்கு உதவியாளன் நான். தம்பி மகன், முப்பத்தாறு வயது. இதற்கு முன்னால் நான் பார்த்த ஐந்து வேலைகளும் என்னைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டன.

இதுவரை எங்களிடம் வந்ததெல்லாம் காணாமல் போன சைக்கிள், கல்யாணத்துக்கு மாப்பிள்ளை விசாரிப்பு, பக்கத்து வீட்டுக்காரர் மாற்றி எடுத்துக்கொண்டு போன குடை. கொலைவெறியோடு ஒரு மனிதர் எதிரில் உட்கார்ந்திருப்பது இதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

விஷயம் இதுதான். திகிலாரைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. பெட்டிக்கடை, பேருந்து நிலையம், சலூன் எங்கே பார்த்தாலும் அவருடைய கமாண்டர் நாவல்கள் தொங்கும். முப்பத்தெட்டாவது நாவலான ‘உறைபனியில் ஓர் உறுமல்’ மூன்றே வாரத்தில் முப்பதாயிரம் பிரதி போயிருந்தது. எல்லோரும் ஆகா ஓகோ என்று கொண்டாடிக்கொண்டிருந்த வேளையில், இந்தப் பத்திரிகையில் ‘கடைசி பெஞ்ச்’ என்ற புனைபெயரில் யாரோ இரண்டு பக்கத்துக்கு ஒரு விமர்சனம் எழுதிவிட்டார்கள். ஊரே சிரித்துக்கொண்டிருந்தது. பதிப்பாளர் சிரிக்கவில்லை. புத்தகம் அவருடையது, திகிலாரோ அவருடைய தங்கை புருஷன். குடும்ப மானமும் தொழில் மானமும் ஒரே கப்பலில் போய்க்கொண்டிருந்தன.

"சத்தமாப் படிடா" என்றாள் அத்தை.

படித்தேன்.

"‘முதல் அத்தியாயத்தில் கமாண்டர் இடது கையால் தொலைபேசியை எடுக்கிறார். வலது கையால் சிகரெட் பற்ற வைக்கிறார். துப்பாக்கியையும் குறி மாறாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். நமக்கெல்லாம் இரண்டு கைதான். அதனால்தான் நாம் கமாண்டர் ஆகவில்லை.’"

எனக்குச் சிரிப்பு வந்தது. இருமலாக மாற்றிக்கொண்டேன்.

"‘வில்லன் தங்கமான மனிதர். கமாண்டரைக் கொல்லப் பதினோரு முறை வாய்ப்புக் கிடைத்தும், ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து தன் சதித்திட்டத்தை முதலிலிருந்து விளக்குகிறார். இவ்வளவு பொறுமையாகப் பாடம் நடத்துபவரை ஒரு பள்ளிக்கூடத்தில் போட்டிருந்தால் இந்த நாவலுக்கே அவசியம் வந்திருக்காது. கதையில் மூன்று பெண்கள். மூவரும் கமாண்டரைப் பார்த்ததும் மயங்குகிறார்கள். மூன்றாமவர் டாக்டர் என்பதால் தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துவிட்டு மயங்குகிறார்.’"

இந்தத் தடவை இருமல் போதவில்லை. தண்ணீர் வாங்கிக் குடிக்கவேண்டி வந்தது.

"‘இனி, பனிக்கட்டித் தொழிற்சாலை. கமாண்டர் மதிலேறிக் குதிக்கிறார். நாய் மூன்று முறை குரைக்கிறது. காவலாளி ‘யாரது?’ என்கிறார். கமாண்டர் உள்ளே நுழைந்ததும் கதவை வெளியிலிருந்து பூட்டிவிடுகிறார்கள். குளிர் ஏறுகிறது. நிஜமாகவே பயந்துபோனேன். பக்கத்தைப் புரட்டினால் கமாண்டர் மறுபடியும் மதிலேறிக் குதிக்கிறார். எதையோ மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டார்போல என்று நினைத்தேன். அதே நாய், அதே மூன்று குரைப்பு, அதே ‘யாரது?’. இப்போதுதான் பார்த்த ஆளை அதற்குள் மறந்துவிட்டாரே என்று காவலாளியின் உடல்நிலை பற்றி எனக்குக் கவலை வந்துவிட்டது. அதே கதவு, அதே பூட்டு. அடுத்த பக்கத்தில் கமாண்டர் கடற்கரை ஓட்டலில் உட்கார்ந்து சூப்புக்கு மிளகுத்தூள் கேட்கிறார். எப்படி வெளியே வந்தார்? முந்நூறு பக்கத்தில் நான் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டது இந்த ஒன்றைத்தான்.’"

"போதும்!" பதிப்பாளர் பத்திரிகையைப் பிடுங்கப் பார்த்தார். அத்தை முந்திக்கொண்டு, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"யார்மேல சந்தேகம்?"

"சந்தேகமே இல்லை, முடிவே பண்ணிட்டேன். பத்திரிகை ஆசிரியர் பேரைச் சொல்ல மாட்டேன்னுட்டார். ஆனா கட்டுரை வந்த கவரை மட்டும் குடுத்தார்." பதிப்பாளர் இழுப்பறையிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தார். மூலையில் அவருடைய பதிப்பகத்தின் விலாசமே அச்சாகியிருந்தது. அதன்மேல் பேனாவால் ஒரு கோடு. "நம்ம ஆபீஸ் கவர். அப்ப உள்ள இருக்கிற ஆள்தான். தப்புக் கண்டுபிடிக்கிறதையே தொழிலா வச்சிருக்கிறது இங்க யாரு? ப்ரூஃப் பாக்கிற அந்த அம்மா. இருபத்திரண்டு வருஷமாத் தப்பையே பார்த்துப் பார்த்து அவங்களுக்குப் புத்தி அப்படிப் போயிடுச்சு. வேலையை விட்டு அனுப்பறதுக்குக் கடுதாசி அடிச்சு வச்சாச்சு. சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கையில குடுத்துருவேன். என் மச்சான்தான், முறையா விசாரிச்ச மாதிரி இருக்கணும்னு உங்களைக் கூப்பிடச் சொன்னார்."

"அஞ்சு மணிக்குள்ள வேற ஆளைக் காட்டினா?"

"காட்டுங்க, பார்ப்போம். ஆள் வேணும் மேடம். ‘இவங்க இல்லை’ன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிடாதீங்க."

அத்தை எழுந்தாள். கதவருகே போய்த் திரும்பினாள். "ஆமா, கமாண்டர் அந்த ஐஸ் ஃபாக்டரியிலிருந்து எப்படித்தான் வெளியே வந்தார்?"

பதிப்பாளர் முகத்தில் ஒரு நொடி எதுவுமே இல்லை. பிறகு பரவசம் பொங்கியது. "அதை ஏன் கேக்கறீங்க! நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்து படிச்சேன். அப்பப்பா! அதை நான் சொல்லக்கூடாது, நீங்களே படிக்கணும்."

வெளியே நடைக்கு வந்ததும் அத்தை என் பக்கம் திரும்பினாள். "நீதான் அந்தப் புத்தகத்தை ஒரே மூச்சுல படிச்சேன்னு பீத்திக்கிட்டியே. எப்படி வந்தார்?"

"அதுதான் அத்தை சஸ்பென்ஸே…"

"டிக்கெட்டைக் காட்டு."

"நாற்பதாம் பக்கத்துல தூங்கிட்டேன்."

"அவரும் உன்னோட பெட்டிதான். கழிவறைக் கதவுக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கிறவன் மூஞ்சி அது" என்றபடி படியிறங்கினாள்.

ப்ரூஃப் அறை, மாடிப்படிக்கு அடியில் இருந்தது. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். அதனாலோ என்னவோ அங்கே இருந்த அக்கா நிமிராமலே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். மூக்கு நுனியில் கண்ணாடி, காதில் சிவப்புப் பென்சில். அச்சகம் முழுக்க அவருக்கு ‘ப்ரூஃப் அக்கா’ என்றுதான் பெயர். எங்களை உட்காரச் சொன்னார். உட்கார எதுவும் இல்லாததால் நாங்கள் குனிந்தபடி நின்றோம்.

"கடுதாசி அடிச்சாச்சுன்னு எனக்கும் தெரியும்மா" என்றார் அக்கா. "அடிச்சவர் எழுத்துப்பிழை இருக்கான்னு பார்க்க என்கிட்டயே கொண்டுவந்தார். மூணு இருந்துச்சு. திருத்திக் குடுத்தேன்."

என்ன ஜோக் அடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"நீங்கதான் எழுதினீங்களா?" அத்தை நேராகக் கேட்டாள்.

"இல்லை. வீட்ல இன்னும் சொல்லலை. சொன்னா நம்ப மாட்டாங்க. ‘நீ எழுதாமயா உன்னைத் துரத்துவாங்க?’ன்னு கேப்பாங்க. இந்த வயசுல வேற வேலைக்கு எங்க போறது? ஊர்ல இன்னொரு அச்சகம்தான் இருக்கு. அது திகிலாரோட பெரியப்பா மகனுது."

"கமாண்டர் ஐஸ் ஃபாக்டரியிலிருந்து எப்படி வெளியே வந்தார்?"

அக்கா யோசிக்கவே இல்லை. "பெல்ட்டைக் கழற்றி ஐஸ் வெட்டற ரம்பத்துல கட்டி, அதை இழுத்து இழுத்துக் கதவுக் கீலை அறுத்துட்டு வருவார். நூத்திப் பதினாறாம் பக்கம். அச்சுக் கோர்த்தவர் மூணு இடத்துல ‘கீல்’னு போடறதுக்கு ‘கால்’னு போட்டுட்டார். கமாண்டர் தன் காலையே அறுத்துக்கிட்டுத் தப்பிக்கிற மாதிரி இருந்துச்சு. நான்தான் காப்பாத்தினேன்."

"புத்தகத்தை எடுங்க, அந்தப் பக்கத்தைப் பார்ப்போம்."

"புத்தகமா?" அக்கா சிரித்தார். "எனக்குக் குடுக்க மாட்டாங்கம்மா. ‘ப்ரூஃப்லதான் படிச்சாச்சே, அப்புறம் புத்தகம் எதுக்கு?’ம்பார் முதலாளி. இருபத்திரண்டு வருஷத்துல பைண்ட் பண்ணின புத்தகம் ஒண்ணைக்கூட நான் திறந்ததில்லை."

அத்தை என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ரயிலில் கடைசிப் பெட்டியை நோக்கி நடக்க ஆரம்பிக்கும்போது வரும் பார்வை அது.

பின்கட்டில் புத்தகக் கட்டுகள் கூரை வரை அடுக்கியிருந்தன. ஒன்றை உருவி, நூற்றுப் பதினாறாம் பக்கத்தைத் தேடினேன். நூற்றுப் பன்னிரண்டு வரை ஒழுங்காக வந்தது. அதற்கடுத்த பக்கம் தொண்ணூற்றேழு. மறுபடி தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது என்று நூற்றுப் பன்னிரண்டு வரை. அதன்பின் ஒரே தாவல், நூற்று இருபத்தொன்பது.

"அத்தை, இதுல பதினாறு பக்கம் ரெண்டு தடவை இருக்கு. அடுத்த பதினாறு பக்கத்தைக் காணோம்!"

பக்கத்தில் பைண்டிங் மேஸ்திரி நின்றிருந்தார். பதினாறு பதினாறு பக்கமாகத்தான் அச்சடித்து மடிப்பார்கள், அதற்குப் பெயர் ஃபாரம் என்று விளக்கினார். வரிசையாக வைத்த ஃபாரம் குவியல்களிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கித் தைப்பார்களாம். ஏழாவது ஃபாரம் குவியலையே எட்டாவது இடத்திலும் யாரோ வைத்திருக்கவேண்டும். சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்துக்கொண்டே போனது. "ஒண்ணு ரெண்டு காப்பி அப்படி ஆகறதுதான்" என்று முனகினார்.

இன்னொரு கட்டைப் பிரித்தோம். அதிலும் அப்படித்தான். வேறொரு மூலையிலிருந்து ஒன்று. அதுவும் அப்படியே. எட்டாவது ஃபாரம் அத்தனையும் சுவரோரமாக, பொட்டலம்கூடப் பிரிக்காமல் தூங்கிக்கொண்டிருந்தது.

தெருமுனைப் புத்தகக் கடைக்கு நடந்தோம். வாசலிலேயே கமாண்டர் மாலையாகத் தொங்கினார். நாலு பிரதியைப் புரட்டினேன். நாலிலும் கமாண்டர் இரண்டு தடவை மதிலேறினார்.

"இந்தப் புத்தகத்தை யாராவது திருப்பிக் கொண்டுவந்தாங்களா?" என்று கடைக்காரரிடம் கேட்டாள் அத்தை.

"ஒரே ஒருத்தர் வந்தார்."

"என்ன சொன்னார்?"

"அட்டை கசங்கியிருக்குன்னார்."

அத்தை கடை வாசலிலேயே நின்றுவிட்டாள். அவளுக்குச் சிரிப்பு வருகிறதா கோபம் வருகிறதா என்று எனக்குப் புரியவில்லை. முப்பதாயிரம் பேர் வாங்கியிருக்கிறார்கள். ஏழு பத்திரிகை ‘நெஞ்சை உறைய வைக்கும் படைப்பு’ என்று எழுதியிருக்கிறது. பாராட்டுக் கூட்டத்தில் ஒன்பது பேர் பேசியிருக்கிறார்கள். ஒருத்தர் கண்ணிலும் இது படவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். யாரும் சாப்பிடவே உட்காராவிட்டால் தாராளமாக மறைக்கலாம்.

"அப்ப இந்த ஊர்லயே இந்தப் புத்தகத்தை முழுசாப் படிச்ச ஒரே ஆள், அதைத் திட்டினவர்தான்" என்றாள் அத்தை. "ப்ரூஃப் அக்கா இல்லை. அவங்களுக்குக் கமாண்டர் வெளியே வந்த வழி தெரியும், புத்தகத்தைத்தான் தெரியாது. நமக்கு வேண்டியது, புத்தகத்தைத் தெரிஞ்சு வழி தெரியாத ஆள்."

"இதையே முதலாளிகிட்டச் சொல்லி அக்காவைக் காப்பாத்திடலாமே?"

"சொன்னா, அக்கா நடிக்கிறாங்கம்பார். கூடவே பைண்டிங் மேஸ்திரிக்கும் ஒரு கடுதாசி அடிப்பார். ஆள் வேணும்டா."

திரும்பிப் போய் அலுவலகத்தில் ஒவ்வொருவரையும் பிடித்தோம். கேள்வி ஒன்றே ஒன்று: கமாண்டர் எப்படி வெளியே வந்தார்? கணக்காளர், "மயிர்க்கூச்செறிஞ்சது" என்றார். அவருக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. அட்டைப்படம் வரைந்தவர், "ஹெலிகாப்டர்ல" என்று அடித்துவிட்டார். தொலைபேசி எடுக்கும் பெண் மட்டும், "நான் படிக்கலை மேடம், சம்பளத்துக்கு வேலை பார்க்கறேன்" என்றாள். அத்தை அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"இந்த பிரவுன் கவர் ஆபீஸைத் தவிர வேற எங்கம்மா போகும்?"

"திகிலார் சார் வீட்டுக்குத்தான். ப்ரூஃப், வாசகர் கடிதம்னு வாரத்துக்கு நாலு போகும்."

மணி மூன்றே முக்கால்.

திகிலார் வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். எங்களை வரவேற்க வந்தவர் நாற்காலியில் முழங்காலை இடித்துக்கொண்டார். கூடம் முழுக்கக் கேடயங்கள், மாலை போட்ட புகைப்படங்கள், கண்ணாடி அலமாரியில் வரிசையாக முப்பத்தெட்டு நாவல்கள். ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் ‘என் முதல் வாசகியான மனைவிக்கு’ என்று இருக்கும். அந்தப் பக்கம் வரை நானே படித்திருக்கிறேன்.

அந்த முதல் வாசகி சாப்பாட்டு மேஜையில் கத்தரிக்கோலோடு உட்கார்ந்து ஏதோ வெட்டிக்கொண்டிருந்தார். எங்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு மறுபடி போய் உட்கார்ந்தார்.

"அந்த ப்ரூஃப் அம்மாதான் மேடம்" என்றார் திகிலார். "எனக்கு ஆரம்பத்துலேயே தெரியும். என் கையெழுத்துப் பிரதியில ஒரு தடவை கேள்விக்குறி போட்டு அனுப்பினாங்க. ஒரு எழுத்தாளனைப் பார்த்துக் கேள்விக்குறி!"

"வீட்ல அம்மா உங்க கதையெல்லாம் படிப்பாங்களா?"

"இவளா?" திகிலார் வாய்விட்டுச் சிரித்தார். "சமர்ப்பணப் பக்கத்தைப் பார்ப்பா, சந்தோஷப்படுவா, அலமாரியில வச்சுருவா. அவ உலகம் வேற."

அத்தை தலையாட்டினாள். "எனக்கு ஒரே ஒரு இடம் புரியலை சார். ஐஸ் ஃபாக்டரியிலிருந்து கமாண்டர் எப்படி வெளியே வந்தார்?"

திகிலார் மலர்ந்துவிட்டார். எழுந்து, சொந்த பெல்ட்டையே கழற்றி, கூடத்துக் கதவின் கீலில் மாட்டி, "ரம்பம்! இங்க கட்டறார். இழுக்கறார்! குளிர் மைனஸ் முப்பது! இழுக்கறார்!" என்று இழுத்துக் காட்டினார். கதவு முனகியது. வேட்டியாக இல்லாமல் கால்சட்டையாக இருந்தும் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொள்ளவேண்டி வந்தது.

மேஜைப் பக்கம் கத்தரிக்கோல் சத்தம் நின்றது.

"ஓ, அப்படியா வந்தார்?" என்றார் அந்த அம்மா.

கிண்டல் துளியும் இல்லை. மூன்று வாரமாக மனசில் இருந்த ஒன்று தெரிந்துவிட்ட நிம்மதி அந்தக் குரலில் இருந்தது.

"ஏம்மா, புத்தகத்துல அப்படி இல்லையா?" அத்தை மெதுவாகக் கேட்டாள்.

"எங்கே இருக்கு? ரெண்டு தடவை உள்ளே போறார். வெளியே வரவே இல்லை…" சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அப்போதுதான் நான் மேஜையைச் சரியாகப் பார்த்தேன். அவர் வெட்டிக்கொண்டிருந்தது பழுப்பு உறைகளை. பிரித்து, உள்பக்கத்தில் எழுதுவதற்காகச் சீட்டுச் சீட்டாக அடுக்கியிருந்தார்.

திகிலார் அலமாரிக்குப் போய், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தன் நாவலை எடுத்துப் பிரித்தார். பிரிக்கும்போது முதுகு மொறுமொறுவென்று சத்தம் போட்டது. அதற்கு முன் அதை யாரும் விரித்ததில்லை. பக்கங்களைப் புரட்டினார். திரும்பப் புரட்டினார். விரலை வைத்து எண்ணினார்.

"வந்ததிலிருந்து நீங்க திறந்தே பார்க்கலையா சார்?" என்றேன்.

"எழுதினவன் எதுக்குய்யா படிக்கணும்?" என்றார். அதற்குள் அவருக்கு வேறொன்று உறைத்துவிட்டது. மனைவியைப் பார்த்தார். "நீயா?"

"நான்தான்."

"முழுசாப் படிச்சியா?"

"முப்பத்தெட்டும்தான். அலமாரியைத் தொடாம, தனியா எனக்குன்னு ஒரு காப்பி வச்சுப் படிச்சேன். பக்க நம்பர் தப்பா இருக்கிறதைப் பார்த்துட்டுத்தான் அந்த இடத்தை வேணும்னே அவ்வளவு விவரமா எழுதினேன். நீங்களோ அண்ணனோ, ஒருத்தராவது புத்தகத்தைத் திறந்து பார்ப்பீங்கன்னு நினைச்சேன். ஆளுக்கு ஆள் கோபப்பட்டீங்க. திறக்கலை."

"என்கிட்டச் சொல்றதுக்கு என்ன? பத்திரிகைக்கா எழுதுவாங்க?"

"பதினேழாவது புத்தகத்தப்போ சொன்னேன். ‘குழம்புல உப்பு கம்மி’ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டீங்க. இருபத்து மூணாவது அப்போ சொன்னேன், ‘உனக்கு என்ன தெரியும்?’னீங்க. அச்சுல வந்தாத்தான் நீங்க எதையும் நம்புவீங்க. அதான் அச்சுல வரவச்சேன்."

எனக்கு அங்கே நிற்கக் கூச்சமாக இருந்தது. புருஷன் பெண்டாட்டி சண்டையில் சத்தம் இருந்தால் வேடிக்கை பார்க்கலாம், இது சத்தமே இல்லாத சண்டை.

அத்தை கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "மணி நாலரை. அஞ்சுக்கு அந்த அம்மாகிட்டக் கடுதாசி போயிடும். உங்க மச்சானுக்கு ஒரு போன் போடுங்க சார்."

திகிலார் தொலைபேசி பக்கம் கையைக் கொண்டுபோனார். பாதியில் நிறுத்தினார். "மேடம்… ஆளைக் கண்டுபிடிக்க முடியலைன்னு சொல்லிடுங்களேன்."

"அவங்க வேலை போயிடும்."

"வேற இடத்துல கிடைக்கும்."

"எங்க? உங்க பெரியப்பா மகன் அச்சகத்துலயா?" என்றேன். என் வாய் சும்மா இருக்காது.

"என் பெண்டாட்டியே என்னை இப்படி எழுதினான்னு தெரிஞ்சா நான் தெருவுல தலைகாட்ட முடியுமா?" என்றார் திகிலார். அந்த நிமிஷம் அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அந்தப் பாவத்தையும் மீறி எரிச்சலாக இருந்தது.

"விமர்சனத்தை முழுசாப் படிச்சீங்களா சார்?" என்று கேட்டாள் அத்தை.

"முதல் பத்தியிலேயே கிழிச்சுப் போட்டுட்டேன்."

அத்தை கைப்பையிலிருந்து பத்திரிகையை எடுத்து என்னிடம் நீட்டினாள். "கடைசிப் பத்தியைப் படிடா."

படித்தேன். இந்த முறை எனக்கு இருமல் வரவில்லை.

"‘முதல் நாவலில் கமாண்டருக்கு நீச்சல் தெரியாது. அப்போதிலிருந்து அவரோடு கூடவே வந்துகொண்டிருக்கிறேன். இந்தப் புத்தகத்தில் நான் நம்பிய ஒரே ஆள் அந்தக் காவலாளி. யாரோ மதிலேறிக் குதித்ததற்கு அவர் வேலை போகிறது. இருநூற்று மூன்றாம் பக்கத்தில், வீட்டில் போய் என்ன சொல்வது என்று தெரியாமல் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறார். வருகிற பேருந்துகளை எல்லாம் விட்டுவிடுகிறார். பத்தே வரி. கமாண்டர் அந்தப் பக்கமாகக் காரில் போகிறார், அவரைப் பார்க்கவில்லை. எழுதியவர் பார்த்திருக்கிறார். அந்தப் பத்து வரிக்காக நான் இந்தப் புத்தகத்தை இன்னொரு முறை படித்தேன். இப்படி எழுதத் தெரிந்தவர் ஏன் இப்படி எழுதுகிறார் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.’"

திகிலார் நாற்காலியில் உட்கார்ந்தார். பெல்ட் இன்னும் கதவில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"அந்தப் பத்து வரியை அண்ணன் வெட்டச் சொன்னார், இல்லையா?" என்றார் அந்த அம்மா. "வேகம் குறையுதுன்னு."

"ஆமா. நான்தான் பிடிவாதமா வேணும்னுட்டேன்." திகிலார் தரையைப் பார்த்தபடியே சொன்னார். "அதை யாரும் படிக்கலைன்னு நினைச்சேன்."

"நான் படிச்சேங்க. அப்படி ஒரு ஆளை நிஜத்துலயும் உட்கார வச்சுடாதீங்க. நீங்க பேசறீங்களா, இல்லை அண்ணன்கிட்ட நான் பேசட்டுமா?"

திகிலார் எழுந்தார். எண்களை அழுத்தும்போது விரல் இரண்டு தடவை தவறியது. ஸ்பீக்கரை அழுத்தினாரோ கை பட்டுவிட்டதோ, மறுமுனை எங்களுக்கும் கேட்டது.

"மச்சான், அந்தக் கடுதாசியைக் கிழிங்க. விமர்சனம் எழுதினது உங்க தங்கச்சி."

"எந்தத் தங்கச்சி?"

"உங்களுக்கு எத்தனை தங்கச்சி?"

மறுமுனையில் காகிதம் கிழியும் சத்தம் கேட்டது.

"பைண்டிங் மேஸ்திரியையும் ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார் திகிலார். "ஏன்னு நேர்ல வந்து சொல்றேன். புத்தகத்தைத் திறந்து பார்க்காத குத்தத்துக்கு வேலையை விட்டு அனுப்பறதா இருந்தா, முதல்ல நீங்களும் நானும் போகணும். இப்ப ப்ரூஃப் பாக்கிற அம்மாவைக் கூப்பிட்டு போனைக் குடுங்க. நீங்க கொஞ்சம் வெளியே நில்லுங்க."

ஆள் படியிறங்கும் சத்தமும் ஏறும் சத்தமும் கேட்டன. அப்புறம் அக்காவின் குரல், தாழ்ந்து, நிதானமாக. "சொல்லுங்க சார்."

"உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாதும்மா. தப்பு எங்க பேர்லதான். மன்னிச்சிடுங்க."

"சரிங்க சார்." ஒரு நொடி கழித்து, "ரொம்ப நன்றி சார்."

போனை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. எழுத்தாளர் அல்லவா. மனைவிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு கேக்கறேன், பயப்படாம சொல்லுங்க. இருபத்திரண்டு வருஷமா என் எழுத்தை வரி வரியாப் படிச்சவங்க நீங்க. அந்த விமர்சனம்… நியாயமானதுதானா?"

அக்கா யோசித்தார். கணக்குப் போடுவதுபோல் நிறைய நேரம் யோசித்தார்.

"எழுதினது யார்னு எனக்குத் தெரியாது சார். ஆனா உங்கமேல ரொம்பப் பிரியம் உள்ளவங்களா இருக்கணும். நிறையத் தப்பை விட்டுட்டாங்க."